ரோல் முடியட்டும்

என் அக்கா புருஷனை எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் போட்டோகிராபர் என்றுதான் சொல்லுவார்கள். அவர் போட்டோகிராபர் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு அரசாங்க ஆபீசில் ஹெட் கிளார்க். கழுத்தில் கேமரா ஒன்று தொங்கியதால் அந்தப் பேர் வந்தது. ஸ்டெதாஸ்கோப் தொங்கியிருந்தால் டாக்டர் என்று சொல்லிவிட்டு ஊசி போடக் கையை நீட்டியிருப்பார்கள், அப்படிப்பட்ட ஜனங்கள். அந்தக் காலத்தில் இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை என்பவர் தப்பே செய்யத் தெரியாத ஒரு பிறவி.

மடக்குகிற கேமரா அது. மூடியைத் திறந்தால் ஆர்மோனியப் பெட்டி மாதிரி ஒரு தோல் துருத்தி முன்னால் வந்து நிற்கும். மலேயாவிலிருந்து வந்த யாரோ அவர் தலையில் கட்டிவிட்டுப் போனது. ஒரு படம் எடுத்ததும் பக்கத்தில் இருக்கும் திருகைத் திருகி, பின்பக்கத்துச் சின்னச் சிவப்புக் கண்ணாடியில் அடுத்த நம்பர் வரும்வரை பிலிமை நகர்த்த வேண்டும். மறந்துபோய்த் திருகாமல் மறுபடி அமுக்கினால், எடுத்த படத்தின் மேலேயே அடுத்த படம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கேமரா வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாது. இதையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், மாமாவே ஒவ்வொரு பயணத்திலும் பாடம் நடத்துவார். "திருகறதுக்கு மறக்கிறவன் கேமராவத் தொடவே கூடாது மச்சான்" என்பார். நான் எங்கே அதைத் தொட்டேன், ஸ்டாண்டு தூக்கவே கை போதவில்லை.

நான் அப்போது சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். கடைக்கு லீவு என்றால் காலை பாசஞ்சரில் மாமா வந்து இறங்கிவிடுவார். காக்கி அரை டிராயர், முழங்கால் வரைக்கும் கம்பளிக் காலுறை, எந்த வெள்ளைக்காரன் விட்டுப்போனதோ தெரியாத ஒரு தொப்பி. சிதம்பரம் வெயிலில் கம்பளிக் காலுறை. அரிசிக்கு ஜனங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்த வருஷங்கள் அவை. அந்த வரிசையைத் தாண்டித்தான் இந்தக் கோலத்தில் நாங்கள் பறவை பார்க்கப் போவோம். மச்சான் என்றால் கூலி கேட்காத கூலியாள் என்று அவர் வைத்திருந்தார். ஸ்டாண்டு என் தோளில், சாப்பாட்டுக் கேரியர் என் கையில், அறிவு மட்டும் அவர் தலையில்.

முதலில் பிச்சாவரம். கிள்ளையிலிருந்து ஒரு படகு பிடித்துச் சுரபுன்னைக் காட்டுக்குள் போனோம். படகு தள்ளியவர் அங்கத்திய மீனவர். மாமா உள்ளே போனதுமே படகின் நடுவில் எழுந்து நின்றுவிட்டார். பறவையைப் படம் எடுக்கிறவன் நிற்கத்தான் வேண்டுமாம். படகு ஆட, கூழைக்கடாக் கூட்டம் ஒன்று நாங்கள் கிட்டே போவதற்கு முன்பே எழும்பிவிட்டது.

"சார், உக்காருங்க. படகு கவுந்துச்சின்னா நான் உங்களத் தூக்குவனா, உங்க பொட்டியத் தூக்குவனா?" என்றார் படகுக்காரர்.

"பொட்டியத் தூக்குய்யா" என்றார் மாமா. அதை அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கழுவி வந்த படத்தில் இருந்தது வானம். வானத்தின் ஒரு மூலையில் எறும்பு மாதிரி ஏதோ. மாமா அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு அம்பு போட்டு, 'கூழைக்கடா' என்று எழுதி ஆல்பத்தில் ஒட்டினார். கடலூரில் அவர் வீட்டுக்கு வருகிற எவனுக்கும் காபிக்கு முன்னால் ஆல்பம் வரும். வந்தவர்கள் அம்பைப் பார்ப்பார்கள், எழுத்தைப் படிப்பார்கள், "அடேயப்பா, எவ்ளோ பெருசு" என்பார்கள். நான் பக்கத்திலேயே நிற்பேன். ஆபீஸ்காரன், வாத்தியார், வக்கீல் குமாஸ்தா என்று படித்தவன் அத்தனை பேரும் அந்த அம்பைக் கும்பிட்டுவிட்டுத்தான் காபி குடித்தான். ஒருத்தனாவது, எங்கே ஐயா பறவை என்று கேட்டதில்லை.

அடுத்தது நீர்நாய். குமராட்சிப் பக்கம் கொள்ளிடத்தில் நீர்நாய் இருக்கிறது என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். பஸ்ஸில் இறங்கிக் கரைமேல் வெகுதூரம் நடந்தோம். மாமா ஒரு கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு மண்ணில் குப்புறப் படுத்தார். வயலுக்குப் போகிற பெண்கள் கரைமேல் நின்று பார்த்தார்கள். "ஏ, அங்க பாருடி, இந்த வெயில்ல ஒருத்தரு கம்பளி போத்திக்கிட்டுப் படுத்திருக்காரு. காச்சலா தம்பி அவருக்கு?" என்று ஒருத்தி என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது.

நீர்நாய் வரத்தான் வந்தது. அது வந்தபோது மாமா கம்பளியை விலக்கி உட்கார்ந்து, ஆற்றுக்கு முதுகைக் காட்டி, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழ வேண்டும் என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவர் தோளுக்குப் பின்னால் தண்ணீரிலிருந்து மூன்று தலைகள் எழுந்தன. ஒன்று மணல்திட்டில் ஏறி, கையில் மீனைப் பிடித்துக்கொண்டு, மனுஷன் மாதிரி தலைப்பக்கத்திலிருந்து கடித்துத் தின்றது. நனைந்த மீசை. தின்றுகொண்டே எங்களைப் பார்த்தது.

"மாமா, பின்னாடி."

"குறுக்கப் பேசாத மச்சான். சொல்லி முடிச்சிடறேன்."

அவர் சொல்லி முடித்தபோது மணல்திட்டில் மீன் வால் மட்டும் கிடந்தது. அந்த வாலையும் படம் எடுத்தார். அதற்கும் ஆல்பத்தில் ஒரு அம்பு உண்டு.

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். அம்மா இதில் வந்து மாட்டியிருக்காவிட்டால் நான் இதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எங்கள் அப்பா உயிரோடு இருந்தவரை ஒரு படம்கூட எடுத்துக்கொண்டதில்லை. எங்கள் ஊர்களில் அப்போது பாதிப் பேர் அப்படித்தான். செத்த பிறகுதான் படம். அப்பா போன அன்றைக்குச் சிதம்பரத்து ஸ்டூடியோக்காரரைக் கூட்டி வந்தார்கள். உடம்பை நாற்காலியில் உட்கார வைத்து, சாயாமல் இருக்க முதுகுப் பக்கம் துண்டால் கட்டி, கழுத்தில் மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். மூடின கண்ணோடு சுவரில் மாட்டுவது நன்றாக இருக்காதே. அதனால் ஸ்டூடியோக்காரர் படத்தின் மேல் தூரிகையால் இரண்டு கண் வரைந்து கொடுத்தார். உருண்டைக் கண்கள். ஒன்று வாசலைப் பார்க்கும், ஒன்று உத்தரத்தைப் பார்க்கும். எங்கள் அப்பா யாரையும் அப்படி முறைத்ததில்லை. பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், அதைப் பார்த்து, "தத்ரூபம்" என்றார்.

அம்மா அந்தப் படத்தைத் துடைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "உங்கப்பாவ எனக்கே அடையாளம் தெரியலடா" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னாள். பிறகு, "என்னயும் இப்படி உக்கார வச்சிக் கட்டிடாதீங்க. உசுரோட இருக்கறப்பவே ஒண்ணு எடுத்து வச்சிடுங்க. என் கண்ணு தொறந்திருக்கணும். அவ்ளோதான்" என்றாள். வாழ்நாளில் அம்மா தனக்கென்று கேட்டதாக எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

"நாளைக்கே போவலாம்மா. வடக்கு வீதியில புதுசா ஸ்டூடியோ வந்திருக்கு" என்றேன்.

"என்னாடா பேசற. வீட்டு மாப்ள கேமரா வச்சிருக்காரு. நாம ஸ்டூடியோவுக்குப் போனா அவுரு மூஞ்சிய எங்க வச்சிக்குவாரு?"

பெரியப்பாவும் அதையே சொன்னார். அவ்வளவுதான், தீர்ந்தது. ஊரில் இரண்டு மூன்று ஸ்டூடியோ இருக்கிறது, நடந்து போகிற தூரம், அரை மணி நேர வேலை. ஆனால் மாப்பிள்ளை முகம் வாடிவிடுமே. எங்கள் ஜாதி சனம் கெட்டதெல்லாம் இப்படித்தான். முகம் வாடிவிடும் என்று பயந்து பயந்து.

காணும் பொங்கலுக்கு அக்காவும் மாமாவும் வந்தபோது அம்மா கூச்சத்தோடு கேட்டாள். மாமா உதட்டைப் பிதுக்கினார். மனுஷர்களை எடுக்கிறது ஸ்டூடியோக்காரன் வேலையாம்; தன்னுடையது இயற்கையாம். தவிர அந்த வருஷங்களில் பிலிம் ரோல் கிடைப்பது குதிரைக்கொம்பு. கையில் இருந்த ரோலில் பாதி வேறு போய்விட்டது. "ஒரு படம் வேஸ்ட்டு" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்.

அம்மா தலைக்குக் குளித்து, பெட்டியிலிருந்த நல்ல வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு, கொல்லையில் கிணற்றடிச் சுவரோரம் முக்காலியில் உட்கார்ந்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்கால் மேல் வைத்துக்கொண்டாள். "கண்ண இமைக்காதீங்க அத்த" என்றார் மாமா. அவர் அளந்து, குனிந்து, தள்ளி நின்று, கிட்டே வந்து, தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டி முடிக்கும்வரை அம்மா இமைக்கவே இல்லை. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது. அப்போதும் இமைக்கவில்லை. டிக்கென்று சத்தம் கேட்டது. அதே நிமிஷம் கிணற்று ராட்டினத்தின் மேல் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. மாமா அம்மாவை அப்படியே விட்டுவிட்டு அதன் பக்கம் பாய்ந்தார். அது பறந்துபோயிற்று. நான் மூச்சு விட்டதால்தான் பறந்தது என்று என்னைத் திட்டிவிட்டு, கேமராவை மடித்து உறையில் போட்டு மூடினார்.

"ஆயிடுச்சா மாப்ள?" என்று கேட்டாள் அம்மா. அதற்குப் பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம் ஆரம்பித்தது அந்த வார்த்தை. மாசியில் மாமா வந்தார். படம் வந்துவிட்டதா என்று அம்மா கேட்டாள். "ரோல் முடியட்டும் அத்த." பங்குனியில் கேட்டாள். "ரோல் முடியட்டும்." பாதி ரோலைக் கழுவக் கொடுக்கிறவன் பைத்தியக்காரன் என்பது அன்றைக்குக் கேமரா வைத்திருந்த எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு சட்டம். நல்ல சப்ஜெக்ட் வர வேண்டுமாம். எங்கள் அம்மா சப்ஜெக்ட் இல்லை. கொள்ளிடத்து மீன் வால் சப்ஜெக்ட்.

சித்திரையில் அக்கா பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தாள். சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, "ஏங்க, மீதி இருக்கறத சும்மா எதையாவது எடுத்துத் தள்ளிட்டு கழுவக் குடுங்களேன். கோழிய எடுங்க, இல்ல என்னையே எடுங்க" என்றாள். மாமா கையை உதறிவிட்டு எழுந்துவிட்டார். இலையில் சோறு அப்படியே இருந்தது. அம்மா பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடி, "மாப்ள, அவளுக்கு ஒண்ணும் தெரியாது மாப்ள, வந்து உக்காருங்க" என்று கெஞ்சினாள். பெரியப்பாவை வீட்டிலிருந்து கூட்டி வந்து சமாதானம் பேச வேண்டியதாயிற்று. ஒரு ஹெட் கிளார்க் ஒரு வேளை சாப்பிடாமல் எழுந்ததற்கு எங்கள் வீடு இழவு வீடு போல ஆயிற்று. அதோடு யாரும் ரோலைப் பற்றிப் பேசவில்லை.

பிறகுதான் தெரிந்தது, மீதிப் பிலிமை அவர் எதற்கு அடைகாத்துக்கொண்டிருந்தார் என்று. சென்னையிலிருந்து பழைய கார் வைத்திருக்கிற பணக்காரர்கள் கூட்டமாகப் பாண்டிச்சேரி வரை ஓட்டி வந்து, அப்படியே கடலூரிலும் ஒரு நாள் மஞ்சக்குப்பம் மைதானத்தில் கார்களை நிறுத்திக் காட்டப்போகிறார்களாம். சுற்றுவட்டாரத்தில் கார் வைத்திருக்கிறவர்களும் கலந்துகொள்ளலாம். ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "இந்த ஜில்லாவுல அத எடுக்கறதுக்கு என்ன விட்டா யாரு இருக்கா மச்சான்?" என்றார்.

ஆடி பிறந்ததும் அம்மா படுத்தாள். காமாலை. மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. கடைசி நாட்களில் அவளுக்கு இருந்தது ஒரே பயம். "சேர்ல உக்கார வச்சிக் கட்டாதீங்கடா. அதான் மாப்ளகிட்ட படம் இருக்கே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் கையைப் பிடித்துக்கொண்டு ஆகட்டும் என்றேன். மறுநாள் காலையில் போய்விட்டாள்.

பெரியப்பா அதற்குள் ஸ்டூடியோக்காரருக்கு ஆள் அனுப்பிவிட்டார். அதே ஆள், அதே தூரிகைக் கண்ணர். அவர் ஸ்டாண்டோடு வாசலில் வந்து நிற்கிறார். நாற்காலியைக் கொண்டுவரச் சொல்கிறார் பெரியப்பா. நான் குறுக்கே நின்றேன். "படம்னு ஒண்ணு கூட இல்லாம என்னாடா பண்ணுவ? நாளைக்கு எத வச்சிக் கும்புடுவ?" என்று பெரியப்பா கத்தினார். அப்போது மாமா கையை உயர்த்தினார். "தேவையில்ல. அத்த என் கேமராவுல இருக்காங்க. பத்திரமா இருக்காங்க."

அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. ஸ்டூடியோக்காரர் திரும்பிப் போனார். அம்மாவை யாரும் உட்கார வைக்கவில்லை, கட்டவில்லை. படுத்தபடியே, அவள் கேட்டபடியே போனாள்.

பதினாறாம் நாள் கருமாதி. அன்றைக்கே படத்திறப்பும் என்று முடிவாயிற்று. பால் தெளித்து முடிந்ததும் மாமாவிடம் ரோலைக் கேட்டேன்.

"வர்ற ஞாயித்துக்கெழம ஷோ மச்சான். கருமாதிக்கு முன்னாடியே வந்துடுது. ஒரேயடியா கழுவிடலாம். அவசரப்பட்டா ஆவுமா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. பெரியப்பா தாடியைச் சொறிந்துகொண்டு, "மாப்ள சொல்றதும் நியாயந்தான்" என்றார். பெண்ணைக் கட்டிய மாப்பிள்ளைக்கு மூன்று நாள்தான் தீட்டு. அவர் ஷோவுக்குப் போவதைத் தடுக்க எந்த சாஸ்திரமும் இல்லை. மகனுக்கு அப்படி இல்லை. இருந்தாலும் மொட்டைத் தலையோடு நான் கூடவே கிளம்பினேன். ரோல் முடிந்த கையோடு அதைப் பிடுங்கிக்கொண்டு வரவேண்டும், அதற்குத்தான். தீட்டோடு வேடிக்கை பார்க்கப் போகிறான் என்று தெருவே பேசியது. பேசட்டும்.

அந்த ஷோ இருக்கிறதே, பெரிய மனிதர்கள் என்றால் யார் என்று நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன். மைதானம் முழுக்கக் கடலை வண்டியும் ஐஸ் வண்டியும். நடுவில் கயிறு கட்டி, அதற்குள் கார்கள். பித்தளையும் நிக்கலும் பளபளவென்று இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வந்ததில் பாதி தானாக நகரவில்லை. கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாகச் சீமான்கள் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, தேவனாம்பட்டினத்து மீனவர்கள் பின்னால் நின்று தள்ளினார்கள். தள்ளினவனைப் பார்த்து, மாட்டைப் பார்த்துப் பேசுவது போல 'ஹே ஹே' என்றார்கள். ரொம்ப தூரத்திலிருந்து வந்த காருக்கு ஒரு கோப்பை கொடுத்தார்கள். அந்தக் கார் லாரியில் ஏறி வந்தது. அதை இறக்கினதைப் பார்த்தவர்களே கையும் தட்டினார்கள்.

நம்ம ஜில்லாக்காரர்கள் மட்டும் குறைச்சலா? பெண்ணாடம் பக்கத்துக் கரும்புப் பண்ணையார் ஒருவர், திறந்த தலையோடு நீளமான ஒரு கப்பல் கார் கொண்டுவந்திருந்தார். நேராகக் கொண்டுவராமல் திருவந்திபுரத்தில் நிறுத்திப் பூஜை போட்டு, மூக்கு முதல் வால் வரை சாமந்தி மாலை சுற்றி, சந்தனம் அப்பி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நிறுத்தியிருந்தார். கல்யாணப் பந்தல் ஒன்று டயர் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. மார்க் போடுகிற சென்னைக்காரர் வந்து, காரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், பூவை எடுங்கள் என்றார். "சாமிக்குப் போட்டத எடுக்கறதா? பூவோடவே பாருங்க" என்றார் பண்ணையார். அவரும் சுற்றிச் சுற்றி வந்து பூவைப் பார்த்துவிட்டுப் போனார். காரில் வெளியே தெரிந்தது, மாலைக்கு நடுவில் பிதுங்கிக்கொண்டு நின்ற முன்விளக்குகள்தான்.

மாமாவுக்கு அதைக் கண்டதும் பரவசம் வந்துவிட்டது. ஸ்டாண்டைக் கொண்டு போன என்னைப் பண்ணையார் மொட்டையைப் பார்த்ததுமே, "தம்பி, தீட்டா? தள்ளி நில்லு, வண்டியத் தொடாத" என்று விரட்டினார். நான் கயிற்றுக்கு வெளியே போய் நின்றேன். மாமா ஸ்டாண்டு இல்லாமலே கேமராவை உறையிலிருந்து எடுத்து, துருத்தியை நீட்டி, ஒரு விளக்குக்கு எதிரே மண்டி போட்டு, டிக்கென்று அமுக்கினார். அப்புறம் திருகினார். அடுத்த காருக்குப் போனார். காணும் பொங்கலன்று அம்மாவை எடுத்த பிறகு, அந்தத் திருகில் அவர் கை பட்டது அப்போதுதான் முதல் தடவை. அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. ரோல் முடிந்தது என்று சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சிதம்பரத்தில் அந்தப் பழைய ஸ்டூடியோவில்தான் சீக்கிரம் கழுவித் தருவதாகச் சொன்னார்கள். அக்காவும் மாமாவும் நானும் போயிருந்தோம். ஸ்டூடியோக்காரர் படங்களை மேஜையில் வரிசையாகப் போட்டார். கார்கள் எல்லாம் துல்லியம். நம்பர் பிளேட்டு கூடப் படிக்கலாம். ஒன்றை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "இதுல ரெண்டு படம் ஒண்ணா விழுந்திருக்கு சார்" என்று கடைசியாக வைத்தார்.

அம்மா உட்கார்ந்திருந்தாள். வெள்ளைப் புடவை மேல் எதுவும் ஏறவில்லை. வெளுத்துப்போன இடத்தில் வேறொன்று பதியாதாம். பதிந்ததெல்லாம் அம்மாவின் கறுத்த முகத்தில்தான். முகத்தின் ஒரு பாதி இருந்த இடத்தில் பண்ணையார் காரின் விளக்கு வட்டமாக எரிந்துகொண்டு நின்றது. அதைச் சுற்றிச் சாமந்தி மாலை. விளக்குக்கு இந்தப் பக்கம், மீதிப் பாதி முகம், ஒரு கண்.

முதலில் பேசினது மாமா. "அத்த கார்ல போற மாதிரி இருக்குல்ல? ஆர்ட்டிஸ்டிக்காதான் வந்திருக்கு." அக்கா படத்தை விட்டுக் கண்ணை எடுக்காததைப் பார்த்து, "இன்னொரு கண்ண இவுரு வரைஞ்சி குடுத்துடுவாரு மச்சான். உங்கப்பாவுக்கு வரைஞ்சாரே, எவ்ளோ தத்ரூபமா இருக்கு" என்றார்.

ஸ்டூடியோக்காரர் தலையை ஆட்டினார். நாளைக்குள் முடித்துவிடலாம், தெரியவே தெரியாது என்றார். தூரிகை மேஜை மேலேயே இருந்தது. மனுஷனை மனுஷன் வெறுக்க முடிகிற அளவுக்கு அந்த நேரத்தில் நான் மாமாவை வெறுத்தேன். என் கை படத்துக்குப் போவதற்குள் அக்கா அதை எடுத்துக்கொண்டாள். வீடு வரைக்கும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் பெரியப்பா கருமாதிச் சாமான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே போய்த் துணி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து வந்து, கூடத்தில் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து, படத்தை மேலிருந்து கீழாக வெட்டினாள். விளக்கு இருந்த பாதி தரையில் விழுந்தது.

"ஏய், என் படத்த வெட்டறியா?" என்றார் மாமா.

"உங்க காரத்தான் வெட்டினேன். எடுத்துக்கிட்டுப் போயி ஆல்பத்துல ஒட்டிக்குங்க. அம்பு போட்டுக்குங்க" என்றாள் அக்கா. அவள் அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

அப்போது சாப்பாட்டு நேரம். இலை போட்டிருந்தது. மாமா இலை முன்னால் உட்கார்ந்து, ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையை உதறிக்கொண்டு எழுந்தார். வாசல் வரைக்கும் போய் நின்றார். கூப்பிட அம்மா இல்லை. பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டு ரசம் ஊற்றச் சொன்னார். அக்கா ஊற்றினாள். நாங்கள் சாப்பிட்டோம். வெகுநேரம் கழித்து அவரே திரும்பி வந்து, காய்ந்துபோன இலை முன்னால் உட்கார்ந்தார்.

அந்தப் பாதிப் படத்துக்குச் சரியான சட்டம் கிடைக்கவில்லை. மீதி இடத்துக்குக் கறுப்புக் காகிதம் வைத்துக் கண்ணாடி போட்டோம். கருமாதியன்று வந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். வெட்டின ஓரத்தில் அந்த மாலையிலிருந்து கொஞ்சம் பூ அம்மாவின் தலையோடு ஒட்டிக்கொண்டு தங்கிவிட்டது. தாலி அறுத்தவளுக்குப் பூ எதற்கு என்று ஒரு அத்தை முகத்தைச் சுளித்தாள். மாமா கூட்டத்தில் புகுந்து புகுந்து, "நான் எடுத்ததுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அது என் வீட்டில் இருக்கிறது, அப்பா படத்துக்குப் பக்கத்தில். அப்பாவுக்கு இரண்டு கண், இரண்டும் ஸ்டூடியோக்காரருடையவை. அம்மாவுக்கு ஒன்றுதான், அவளுடையது. தண்ணீர் கோத்துக்கொண்டு, இமைக்காமல், திறந்திருக்கிறது.